நெதர்லாந்தில் ஒரு மீன்பாடி வண்டி

நெதர்லாந்தில் மேடு என்பதே கிடையாது. பம்மலில் எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் பல்லாவரம் மலை தெரியும், இன்னொரு பக்கம் திருநீர்மலைக் கோயில் தெரியும். அங்கே எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் புல், புல்லின் மேல் மாடு, மாட்டின் மேல் வானம். அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, கைக்குழந்தைக்காரியும் பல் போன பெரியவரும் அங்கே சைக்கிளிலேயே போகிறார்கள்.

நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். மொபெட் வாங்கும் வரைக்கும் வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன். தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தவனிடம், சைக்கிள் மிதிப்பது ஒரு விடுமுறை என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் மகள் கவிதா அப்படித்தான் சொன்னாள். அவள் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கோடையில் எங்களை வரவழைத்து, ஐந்து நாள் குடும்பத்தோடு கிராமம் கிராமமாகப் போகலாம் என்றாள். வழிகாட்டி கிடையாது, நாமே போக வேண்டியதுதான். நம் பெட்டிகளை ஒரு வேன் அடுத்த விடுதியில் கொண்டுபோய் வைத்துவிடும்.

அவள் மனதில் இருந்தது சைக்கிள் இல்லை என்று எனக்குத் தெரியும். என் மனைவி சரோஜா எங்கள் மாப்பிள்ளையிடம் பேசுவதில்லை. நாலு பேரும் ஒரே பாதையில் ஐந்து நாள் போனால் அம்மா எங்காவது ஓர் இடத்தில் வாய் திறக்காமலா போய்விடுவாள் என்பது கவிதாவின் நம்பிக்கை.

மாப்பிள்ளை ஸ்டீபனுக்குச் சொந்த ஊர் குரோம்பேட்டை. பம்மலில் பஸ் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் குரோம்பேட்டை வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் வளர்ந்த இரண்டு பேர் அவ்வளவு தூரம் போய்த்தான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிறிஸ்தவக் குடும்பம். சரோஜாவுக்கு அதுகூடப் பெரிதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மறுநாள்தான் போனில் சொன்னார்கள். முன்னாலேயே கேட்டால் இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாம். சரோஜா அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மகள் மேல் அவளால் ஒரு வாரத்துக்கு மேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் முழுவதையும் மாப்பிள்ளை மேல் இறக்கி வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனாலும் சுத்தமாக நிற்காது. நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு நடக்கும். "அவரு சாப்ட்டாரான்னு கேளுங்க" என்பாள் சரோஜா. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "சாப்ட்டீங்களா மாப்பிள்ளை?" என்று நான் கேட்பேன். "சாப்ட்டேன் மாமா" என்பார். "சாப்ட்டாராம்" என்று நான் திரும்பிச் சொல்வேன். இத்தனையும் மூன்று பேர் காதிலும் விழுந்திருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் எதிரில் பேசக் கூச்சப்படுகிறவன். கவிதா வீட்டில் தங்கியிருந்த முதல் வாரத்தில் பேசிய அளவுக்கு நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

சைக்கிளை வாடகைக்கு எடுக்கப் போன இடத்தில்தான் முதல் சிக்கல். சரோஜாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கடைக்காரர் நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். உள்ளே போய் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு சக்கரம், முன்னால் இரண்டு. முன் சக்கரங்களுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் மெத்தை வைத்த பலகை. அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிற வண்டியாம். மிதிக்கிறவருக்கு உதவியாகச் சின்ன மோட்டாரும் இருந்தது.

சரோஜா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, மீன்பாடி வண்டியாட்டம் கீது. என்ன இதுல ஏத்திகினு ஊரச் சுத்தப் போறீங்களா?"

எங்கள் ஊரில் மீன் கூடையும் மூட்டையும் ஏற்றிப் போகிற மூன்று சக்கர வண்டி அது. கவிதா சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் விஷயம் தெரியாமலே சிரித்தார்.

நான் ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஏறி மிதித்தேன். வண்டி நான் திருப்பிய பக்கம் போகாமல் நேரே போய்க் கடைவாசல் பூச்செடியில் முட்டி நின்றது. இரண்டாவது தடவையும் அதே செடி. ஸ்டீபன் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சரோஜா பெட்டிக்குள் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, "மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள். அவர் அவள் தலைக்கு ஒரு கை தூரம் பின்னால் இருந்தார்.

முதல் நாள் பாதை ஒரு வாய்க்காலை ஒட்டியே போயிற்று. சைக்கிளுக்கென்று போட்ட தனிப் பாதை. அதில் கார் வராது, மாடும் படுக்காது. பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு கம்பத்தில் எண் எழுதியிருந்தது. அன்றைக்குப் போக வேண்டிய எண்களைக் கவிதா ஒரு சீட்டில் எழுதி என் கைப்பிடியில் ஒட்டியிருந்தாள். ஒன்று வந்தால் அடுத்ததைத் தேட வேண்டியதுதான், வாயில் நுழையாத ஊர்ப் பெயர் எதையும் படிக்கத் தேவையில்லை. என் படிப்புக்கு ஏற்ற தேசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடது பக்கம் ஒதுங்குகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எதிரே ஆள் வந்தால் கை தானாக இடது பக்கம் ஒடிக்கும். அது அவர்கள் வருகிற பக்கம். மணி விஷயத்திலும் தப்பு செய்தேன். நம் ஊரில் மணி அடிப்பது, ‘வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்கிற மரியாதை. நான் தாண்டிப் போன எல்லோருக்கும் அடித்தேன். ஓர் அம்மாள் சைக்கிளை விட்டே இறங்கி, "நான் என்ன தவறு செய்தேன்?" என்று கவிதாவிடம் கேட்டாராம். அதற்குப் பிறகு மாடுகளுக்கு மட்டும் அடித்தேன். அவை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய கஷ்டம் தூது போவதுதான். வீட்டில் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினால் போதும். இங்கே சரோஜா சொல்வதைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. நான் பெட்டிப் பக்கம் குனிந்து கேட்டு, வேகத்தைக் குறைத்து ஸ்டீபன் பக்கம் வந்து சொல்லி, அவர் பதிலை வாங்கிக்கொண்டு, எட்டி மிதித்து மறுபடி பெட்டிப் பக்கம் போக வேண்டும். நடுவில் எதிரே யாராவது வந்தால் ஒதுங்க வேண்டும். பதில் என் வாயிலேயே நின்றுவிடும். "இன்னும் எவ்ளோ தூரம்னு கேளுங்க" என்று அவள் கேட்டதற்கு நான் பதிலோடு போய்ச் சேர்ந்தபோது விடுதி வந்துவிட்டது.

மறுநாள் காலை உணவைப் பார்த்து நான் அசந்துபோனேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சாக்லேட் துகளைத் தூவிப் பெரியவர்களே சாப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் தட்டில் சிந்தியதைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார். சரோஜா தன் பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்துத் தன் ரொட்டியில் தூவிக்கொண்டாள். விடுதிக்கார அம்மாள் ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார், அவசரமாகத் தண்ணீர் குடித்தார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். அன்றைக்கு நடந்த இன்னொரு நல்ல காரியம், அங்கே மோர் கிடைக்கும் என்று தெரிந்தது. பால் போலவே அட்டைப் பெட்டியில் விற்கிறார்கள். சரோஜா உப்புப் போட்டு ஆற்றி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மூன்றாவதை என் கையில் கொடுத்தாள். "அவருக்குக் குடுங்க. என்ன இழுத்துகினு வெயில்ல வராரு."

மத்தியானம் ஓர் ஆறு குறுக்கே வந்தது. பாலம் இல்லை. படகுக்காரரும் இல்லை. ஒரு சின்னத் தெப்பமும், இரண்டு கரையையும் சேர்த்துக் கட்டிய சங்கிலியும்தான். வேண்டுமென்றால் நாமே இழுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டி வண்டியோடு எல்லோரும் ஏற இடம் போதவில்லை. முதலில் கவிதா தன் அம்மாவையும் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றி இழுத்துப் போய் இறக்கினாள். பிறகு தெப்பத்தை இந்தக் கரைக்கு இழுத்து, நானும் ஸ்டீபனும் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

ஆற்று நடுவில் ஸ்டீபன் சங்கிலியை விட்டுவிட்டு நின்றார்.

"அத்தை எப்பவாவது பேசுவாங்களா மாமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"திட்டினாக்கூடப் பரவாயில்ல மாமா. நேரா திட்டணும்."

நான் சங்கிலியை வேகமாக இழுத்தேன். தெப்பம் கரையில் போய் முட்டியதில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். அக்கரையில் இருந்து சரோஜா, "பாத்து வரச் சொல்லுடி" என்று கவிதாவிடம் சொல்வது கேட்டது.

மூன்றாவது நாள் நான் வாய்க்காலில் விழுந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது, சும்மா கிர்ரென்று சுற்றும். சைக்கிள் தானாக ஓடும்போது பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே போவது எங்களுக்கெல்லாம் ஒரு சுகம். அந்த ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதிப்பதுதான் பிரேக். முதல் நாளே கவிதா சொல்லிக் கொடுத்தாள், நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் ஞாபகம் இருந்தது. மூன்றாம் நாள் நான் வண்டிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது சரோஜா, "தலைல தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க, மூஞ்சி செவந்துபோச்சு" என்றாள். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. வருகிறவருக்கு வழி விட நான் எட்டி மிதித்து வண்டிக்கு முன்னால் போய் ஓரமாக ஒதுங்கினேன். அவர் போனதும் நிம்மதியாக, தொப்பி விஷயத்தை எப்போது சொல்லலாம் என்று யோசித்தபடி, பழக்கத்தில் பெடலைப் பின்னால் ஒரு சுற்று சுற்றினேன்.

சக்கரம் பிடித்துக்கொண்டது. சைக்கிள் வழுக்கி ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் புல்தரையில் விழுந்தேன். அது புல்தரை இல்லை. வாய்க்கால். தண்ணீரே தெரியாமல் பச்சைப் பாசி மூடியிருந்தது. வாய், மூக்கு எல்லாம் பாசி. மேலே பார்த்தால் வெளிச்சம் பச்சையாக இருந்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சரோஜாவின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, வண்டிய நிறுத்துங்க. அவருக்கு நீச்சல் தெரியாது."

ஸ்டீபன் ஷூவோடு, பாக்கெட்டில் போனோடு குதித்தார். என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நின்ற பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது, தண்ணீர் இடுப்பளவுதான். தலையில் இருந்து பச்சை வழிய ஒருவரையொருவர் பார்த்தோம். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கிக் கை கொடுத்து எங்களை மேலே ஏற்றினார். "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் நாலைந்து வயதில் ஒரு தடவை இதில் விழுந்திருப்போம். நீங்கள் கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்கிறீர்கள்" என்று அவர் சொன்னதாகக் கவிதா சொன்னாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாய்க்காலுக்காக இல்லை. அம்மா ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டதற்காக.

சரோஜா என் தலையை அழுந்தத் துடைத்துவிட்டாள். ஸ்டீபன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார். அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். துண்டை என் கையில் வைத்து, "அவருக்குக் குடுங்க" என்றாள்.

சாயங்காலம் விடுதியில் உருளைக்கிழங்கு வறுவலை ஏதோ வெள்ளைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கவிதா மெல்ல ஆரம்பித்தாள். இன்றைக்குத்தான் பேசிவிட்டாயே, அப்படியே பேச வேண்டியதுதானே என்றாள்.

"அது கூச்சல்டி. பேச்சு இல்ல" என்றாள் சரோஜா. பிறகு தன் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த அரிசிப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகும் என்று அவரிடம் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். போன் சரியாகவில்லை.

நாலாவது நாள் காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசியது. கரையின் மேல் பாதை. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆட்டு மந்தை. மிதிக்காமலே சைக்கிள் போனது. கவிதா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் பெட்டிக்குப் பக்கத்தில்.

"ஏங்க, அவரு காலைலருந்து இருமிகினே வராரு. மாத்திரை போட்டாரான்னு கேளுங்க."

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். கேள்வி அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது. பதிலை வைத்துக்கொண்டு, நான் கேட்பதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத் தண்ணீரில் குதித்துப் பிடித்துக்கொண்ட இருமல் அது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சரோஜா சொல்லி நான் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்தது இதுவரைக்கும் கிடையாது.

"நீயே கேளு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வேகமாக மிதித்தேன்.

கவிதாவைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். "திரும்பிப் பார்க்காதீங்கப்பா" என்றாள். இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு போனோம். பின்னால் வெகுநேரம் சக்கரச் சத்தம் மட்டும்தான். பிறகு காற்று அவர்கள் பேச்சை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் அத்தை."

ஓர் எண் கம்பம் போயிற்று.

"கல்யாணத்துக்கு மொத நாளு ஏன் ஒரு போன் பண்ணல?"

"பயந்துட்டேன் அத்தை. நீங்க வேணாம்னா கவிதா உங்க பேச்சைத் தாண்டமாட்டா."

அதற்குப் பிறகு சரோஜா திட்ட ஆரம்பித்தாள். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது. பரணில் மகளுக்கென்று வாங்கி வைத்த எவர்சில்வர் பாத்திரம், மனதுக்குள் பார்த்து வைத்திருந்த மண்டபம், தெருவில் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பொய்கள், ஒன்று விடவில்லை. ஸ்டீபன் நடுவில் மறுத்துப் பேசவில்லை. "ஆமா அத்தை", "தப்புதான் அத்தை" மட்டும் கேட்டது. என் பக்கத்தில் கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்தாள்.

கடைசியில் களைத்துப்போய் சரோஜா கேட்டாள். "உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

"அம்மா கவிதாகிட்டப் பேசறதில்ல அத்தை. சர்ச்சுல கல்யாணம் பண்ணலன்னு."

"என் பொண்ணுகிட்டயா?"

"ஆமா அத்தை."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"வண்டிய நிறுத்துங்க."

நானும் நிறுத்திவிட்டுக் கவிதாவைப் பார்த்தேன். "உங்களை வேற ஏன்பா நோகடிக்கணும்னு சொல்லல" என்றாள்.

"என் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு, அதுகிட்ட பேசாம கீறதுக்கு?" என்று சரோஜா கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். ஸ்டீபன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா என்னையும் கவிதாவையும் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்து, காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆடுகள் பாதைக்கே வந்து எங்களைச் சுற்றி மேய ஆரம்பித்தன.

"உங்கம்மா நம்பர் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று தன் போனை எடுத்தாள்.

தெரியாத எண் என்பதாலோ என்னவோ அந்தம்மா எடுத்துவிட்டார். "நான் பம்மல் சரோஜா பேசறேன். கவிதாவோட அம்மா. உங்க சம்பந்தி" என்றாள் சரோஜா. உடனே போன் வைக்கப்பட்டது. அவள் திரும்பவும் போட்டாள்.

"வெச்சிடாதீங்கக்கா. சண்டைக்கு வரல. நானும் உங்க புள்ளகிட்ட ரெண்டு வருஷமாப் பேசாதவதான். இன்னிக்குத்தான் பேசினேன். பேசாம கீறது இன்னா பாடுன்னு எனக்குத் தெரியும்க்கா."

அந்தப் பக்கம் என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சரோஜா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே, "ஆமாங்கக்கா" என்றாள். "எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு" என்றாள். "இல்லக்கா, இளைக்கல, லேசா இருமலுதான். எங்க வூட்டுக்காரரு தண்ணில வுழுந்தாரு, இவருதான் குதிச்சுத் தூக்கினாரு" என்றாள். இப்படிச் சொல்கிறபோது முதல் தடவையாகத் திரும்பி ஸ்டீபனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பிறகு, "இருங்கக்கா, உங்க மருமககிட்டக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைப் பெட்டிக்கு வெளியே நீட்டினாள்.

கவிதா சைக்கிளை அப்படியே பாதையில் போட்டுவிட்டு, ஆடுகளை விலக்கிக்கொண்டு ஓடினாள்.